சாக்கடையைத் திருப்பிய பின்னும் ஏரி ஏன் பச்சையாக இருக்கிறது?

பூங்கா ஏரியில் விழுந்துகொண்டிருந்த சாக்கடையைத் திருப்பிவிட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியும் தண்ணீர் தெளியவில்லையே, ஏன் என்று கோலாலம்பூர் கெப்போங் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பாசிக்கு வெயிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். 1973இல் கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஏரிகளுள் 226ஆம் எண் ஏரியைத் திரைகட்டிப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கமே பச்சையானது. ஆகவே சாக்கடையைத் திருப்பியது சரியான வேலைதான். ஆனால் அது பாஸ்பரஸின் வரவை மட்டுமே நிறுத்தியது; சேற்றில் சேர்ந்துவிட்ட இருப்பு அப்படியே கிடக்கிறது. நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போக முடியும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை.

அந்த இருப்பு வெளியே வரும் விதம்தான் எனக்கு அலுக்காத அதிசயம். ஏரிச் சேற்றைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, சிறிது நீர் விட்டுத் திறந்து வைத்தால், கறுத்த சேற்றின்மேல் துருநிறத்தில் மெல்லிய ஆடை படியும். இரும்புத் துருவாகிய அந்த ஆடை, பாஸ்பரஸ் நீரில் கரைந்திருக்கும் வடிவமான பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புட்டியை இறுக மூடினாலோ, நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி, ஆடை மறைந்து, பாஸ்பேட் நீரில் கலந்துவிடும். ஏரி ஆய்வாளர் மார்ட்டிமர் 1941–42இல் இங்கிலாந்து ஏரிகளை ஆராய்ந்து இதை விளக்கினார். கோலாலம்பூரின் பல ஏரிகள் பழைய ஈயக் குட்டைகள், அதாவது வெள்ளீயம் தோண்டிய குழிகள். ஆழமான குழியில், வெயிலில் சூடேறி, லேசாகி, அடிநீரோடு கலக்காமல் மிதக்கும் மேல்நீரே அந்த மூடியாகிவிடுகிறது. மடிந்த பாசி அடியில் படிந்து மட்கும்போது ஆக்சிஜன் தீர்கிறது, துரு கரைகிறது, வெளிவந்த பாஸ்பேட் அடுத்த தலைமுறைப் பாசியை வளர்க்கிறது.

வரவு, இருப்பு, சுழற்சி மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் அமைப்புச் சிந்தனை என்கிறோம். அப்படிப் பார்த்தால், மயில்துத்தம் தூவிப் பாசியைக் கொல்வது அடியில் மட்குவதற்கு இன்னும் தீனி போடுவதாகும் என்பது விளங்கும். ஏரி சுத்தமாகும் என்று நம்பி, நுண்ணுயிர் கலந்து பிசைந்த மண்ணுருண்டைகளை எறிவதும் பாஸ்பரஸை ஏரியிலிருந்து எடுத்துவிடாது. நல்ல மனத்தோடு செய்யப்படும் அந்தச் சடங்கைப் பிள்ளைகளுக்கு அறிவியல் என்று கற்பிப்பதை நான் ஏற்கவில்லை. அடிநீருக்குக் காற்றூட்டலாம், ஆக்சிஜன் தீர்ந்தாலும் பாஸ்பேட்டை விடாத அலுமினிய உப்பு இடலாம், சேற்றையே அள்ளலாம். எது பொருந்தும் என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்தவரே சொல்ல முடியும். அப்படி அளந்துவந்த, 226ஆம் எண் ஏரி இருக்கும் ஆய்வுக்களத்துக்கே நிதியை நிறுத்தப்போவதாகக் கனடிய அரசு 2012இல் அறிவித்தது. இங்கே நீரூற்று கட்டக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்கேனும் அளப்பவரின் சம்பளத்துக்குப் போக வேண்டும்.

வாசகர் தம் ஏரியின் பொறுப்பாளர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: விடியற்காலையில், சேற்றுக்கு ஒரு சாண் மேலே, ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது?