குழு இடுபணியில் கணக்கு ஏன் இடிக்கிறது?

மலேசியாவின் பினாங்கில் படிக்கும் மாணவி ஒருவர், குழுவாகச் செய்து ஒப்படைக்கும் பாட வேலையைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்: “ஐந்து பேர் குழுவில் முக்கால்வாசி வேலை என்னுடையது. புள்ளி மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. குழு இடுபணியால் மனம் பக்குவப்படும் என்கிறார்களே, எப்படி?”

நியாயமான ஆத்திரம். மற்றவர்கள் ஏன் குறைவாகச் செய்கிறார்கள் என்ற பாதிக் கேள்விக்குப் பதில் எளிது. கூட்டத்தோடு சேர்ந்தால் ஆள் கொஞ்சம் தளர்ந்துவிடுவார். 1979-இல் அமெரிக்காவில் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, முடிந்த மட்டும் கத்தச் சொன்னார்கள். கூடவே ஐந்து பேர் கத்துவதாக நம்பியவர்கள், தனியே கத்தியதில் சுமார் 74 விழுக்காடுதான் கத்தினார்கள். அவரவர் சத்தம் தனித்தனியே அளக்கப்படும் என்று தெரிந்தால் இந்தத் தளர்ச்சி மறைகிறது என்பதை 1981-இல் அதே மூவர் காட்டினார்கள். ஆகவே, எந்தப் பகுதி யாருடையது என்று பெயர் போட்டுத் தரச் சொல்லும் விரிவுரையாளர் சரியாகத்தான் செய்கிறார்.

முக்கால்வாசி என்ற உங்கள் கணக்கு சரிதானா என்ற மீதிப் பாதியில்தான் சுவையே இருக்கிறது. அதே 1979-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 37 தம்பதிகளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். சமையல், வீட்டைச் சுத்தம் செய்வது என ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு? கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டினால், பெரும்பாலானவற்றில் முழுமையைத் தாண்டியது. தற்பெருமை என்று தோன்றும். ஆனால் சண்டைக்குக் காரணமாவது போன்ற கெட்ட விஷயங்களிலும் தன் பங்கைக் கூட்டியே சொன்னார்கள்!

காரணம் நினைவு. பங்கு எவ்வளவு என்று கேட்டால் மூளை பதிவேட்டைப் புரட்டுவதில்லை. சட்டென்று ஞாபகத்துக்கு வருவதை வைத்து மதிப்புப் போடுகிறது. இரவு இரண்டு மணிக்கு நீங்கள் ஸ்லைடுகளைத் திருத்தியது, பாதியில் மடிக்கணினி அணைந்து மறுபடி தொடங்கியது, எல்லாம் உங்களுக்கு அப்படியே நினைவிருக்கும். நண்பர் கருத்தாய்வுப் படிவங்களோடு கொம்தார் வணிக வளாகத்தில் அரைநாள் நின்றது உங்களுக்கு என்னவாக வந்து சேர்ந்தது? புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) “சர்வே முடிஞ்சது” என்று ஒரே வரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களையும் பாதி நிரப்பிய படிவங்களையும் அவர் மட்டுமே அறிவார். முக்கால்வாசி நான்தான் என்று அவரும் மனதார நம்பக்கூடும். இதில் பொய் சொல்பவர் யாருமில்லை.

இன்னொன்றையும் ராஸும் சிகோலியும் கண்டார்கள். ஆய்வேடு எழுதியவர்களிடம் “உங்கள் பங்கு எவ்வளவு?” என்று கேட்காமல், “மேற்பார்வையாளரின் பங்கு எவ்வளவு?” என்று கேட்டபோது, அவர்கள் தமக்கென்று எடுத்துக்கொண்ட பங்கு குறைந்தது. நினைவு ஒன்றுதான், கேள்வி அதை வேறு பக்கம் திருப்பிவிட்டது. குழுவில் உள்ளவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கச் சொன்னாலும் இந்த மிகை குறைகிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன.

மனப்பக்குவம் என்பதில் பெரும்பங்கு இப்படித் திருப்பிப் பார்க்கும் பழக்கம்தான் என்பேன். தனியாகப் படிப்பவருக்கு அதற்குத் தேவை வருவதில்லை. குழுவில் வாக்குவாதம் முற்றி, “அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா?” என்று ஒருவர் கொட்டும்போதுதான் வருகிறது. அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காமல், கடைசி நாள் படைப்பை மட்டும் பார்த்துப் புள்ளி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சோதனைகள் வட அமெரிக்காவில் நடந்தவை. இங்கே தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி வழியாக வந்தவர்கள் ஒரே குழுவில் உட்கார்ந்து, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். மொழி தடுமாறி வாய் திறக்காதவரின் உழைப்பு இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது என் ஊகம். ஊகத்தோடு நிற்காமல் இதை அளந்து பார்க்க நம் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுநிதி கிடைக்க வேண்டும். கருவிகள் வாங்கக் கேட்கும் தொகையில் சிறு பகுதி போதும்.

சரி, கேள்வி கேட்ட தங்கைக்கு: அடுத்த சந்திப்புக்கு முன் மற்ற நால்வரின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் செய்ததாக உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே குறியுங்கள். எங்கே காலியாக இருக்கிறதோ, அவரிடமே போய்க் கேளுங்கள். உண்மையிலேயே ஒன்றும் செய்யாதவர் இருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.