அந்த 'மாதிரி'யை விட்டுவிடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். முன்கையில் கட்டோடு ஒரு கல்லூரிப் பையன், கூடவே அழுது கண் வீங்கிய அம்மா. "காய் நறுக்கும்போது பட்டுடுச்சு டாக்டர்" என்கிறார் அம்மா. ஹாஸ்டலில் காய் நறுக்கும் பையனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால், கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு சார்" என்றான். சாக வேண்டும் என்று நினைத்தாயா தம்பி என்று கேட்டேன். "அய்யோ இல்ல சார், செக் பண்ணத்தான்."

ராத்திரி பதினொன்றரைக்கு நான் இதை எழுத உட்கார்ந்திருப்பது அந்த 'செக்'கால்தான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, மூன்று பேர் கதையையும் கலந்திருக்கிறேன். யாரென்று தேட வேண்டாம்.)

மூன்று பேருக்கும் ஆரம்பம் ஏறக்குறைய ஒன்றுதான். பரீட்சை நேரம், தொடர்ந்து சில ராத்திரிகள் தூக்கமில்லை, ஒருவன் விஷயத்தில் நண்பன் நீட்டிய கஞ்சா. திடீரென்று படபடப்பு, மூச்சு முட்டல், செத்துவிடுவோம் என்ற பயம். அரை மணி நேரத்தில் பயம் அடங்கிவிடுகிறது, ஆனால் அதோடு போன ஏதோ ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. சொந்தக் குரல் யாரோ பேசுகிற மாதிரி கேட்கிறது, கை கால் தானாக நடக்கிற மாதிரி இருக்கிறது. அம்மாவைப் பார்த்தால் அம்மா என்று தெரிகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிற மாதிரி. இதை வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்லாமல் வைத்துக்கொண்டு, தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆண்ட்ராய்டு பற்றிய ஒரு படத்தையோ சீரீஸையோ பார்க்கிறான் (ஃபோனில் இருக்கும் ஆண்ட்ராய்டு இல்லை, மனித உருவில் செய்த எந்திரம்). பார்த்ததும் பொறி தட்டுகிறது: "சார், அது நான்தான்."

சரி, அந்தக் கதைகளையே எடுத்துக்கொள்வோம். நானும் ஆசையாகப் பார்க்கிறவன்தான். 1982-ல் வந்த பிளேடு ரன்னரில் ரேச்சல் என்ற பெண்ணை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்கள், கண்ணின் பாவை விரிகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். வழக்கமாக இருபது முப்பது கேள்வியில் ஆண்ட்ராய்டு சிக்கிவிடும், ரேச்சலுக்கு நூறைத் தாண்டுகிறது. காரணம், அவளுக்கே தெரியாது. அவளுடைய சின்ன வயது ஞாபகங்கள் கம்பெனி முதலாளியின் உறவுக்காரப் பெண்ணுடையவை. நம் 'எந்திரன்' படத்து ரோபோ சிட்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது, பெயரைக் கேட்டால் ஸ்பீடையும் மெமரியையும் சேர்த்தே ஒப்பிக்கும்.

இப்போது கொஞ்சம் கவனியுங்கள். ரேச்சல் தான் மனுஷி என்பதில் சந்தேகமே இல்லாமல் இருந்தாள். அவளுக்குக் குரல் அந்நியமாகக் கேட்கவில்லை, கை தானாக நடக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. கதையில் எந்திரத்துக்கு மனித உணர்வு, இங்கே மனிதனுக்கு எந்திர உணர்வு. இரண்டையும் ஒன்றாக்கி, "உண்மை இப்பதான் தெரிஞ்சுது" என்று வருகிறார்கள். ஒன்றும் தெரியவில்லை தம்பி, உனக்கு ஒரு தொந்தரவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சலில் உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்று சொல்கிறோம், யாரும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதில்லை. காதில் ரீங்காரம் கேட்டால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. 'நான் நிஜமில்லை' என்று தோன்றுவதும் அப்படித்தான். அந்த உணர்வு நூற்றுக்கு நூறு உண்மை, அது சொல்லும் சேதி பொய். இதை ஒரே பையனுக்கு ஒரே உட்காரலில் நான்கு முறை சொல்லியிருக்கிறேன். இங்கேயும் இரண்டு முறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு டீபர்சனலைசேஷன் என்று பெயர். சுற்றியுள்ள உலகம் செட்டு போட்ட மாதிரி தெரிந்தால் டீரியலைசேஷன். பெரும்பாலும் இரண்டும் கைகோத்து வரும். களைப்பிலோ அதிர்ச்சியிலோ கொஞ்ச நேரம் இப்படி ஆகிப் போவது எத்தனையோ பேருக்கு உண்டு. விடாமல் நிலைத்து நோயாக இருப்பது நூற்றில் ஓரிருவருக்கு. தொடங்கும் சராசரி வயது 16. நாற்பதைத் தாண்டி முதல்முறையாக வந்தால் நான் வலிப்பு, வேறு மூளைக் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். மற்றபடி, என்னிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கையில் நார்மலான ஸ்கேன் கவரோடுதான் வருகிறார்கள்.

எல்லாம் படம் பார்த்து வந்தது என்று கத்தும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. 1898-லேயே லுடோவிக் துகா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதிவிட்டார். அந்தச் சொல்லை அவர் எடுத்ததே அமியேல் என்ற சுவிஸ் பேராசிரியரின் நாட்குறிப்பிலிருந்து, அமியேல் 1881-லேயே இறந்துவிட்டார். 'ரோபோ' என்ற சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகம் வழியாக உலகத்துக்கு வந்தது 1920-ல்தான். ஆக, நோய் படத்துக்கு மூத்தது. அன்றைக்குப் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி என்றிருப்பான், இன்றைக்கு ஆண்ட்ராய்டு மாதிரி என்கிறான். படம் நோயைக் கொடுக்கவில்லை, ஒரு பெயரைக் கொடுத்தது. தப்பான பெயர், அதுதான் சிக்கல்.

பெயரோடு இன்னொன்றையும் கொடுத்துவிட்டது: பரிசோதனை. அந்தக் கதைகளில் பரிசோதித்தால்தான் கதை நகரும். பிலிப் கே. டிக் 1969-ல் எழுதிய ஒரு சிறுகதையில், விபத்தில் கை போன ஒரு கம்பெனித் தலைவனிடம் ஆஸ்பத்திரியில் 'உனக்கு இங்கே வைத்தியம் இல்லை, நீ மனிதனே இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் தன் நெஞ்சைத் திறந்து பார்க்கிறான், உள்ளே டேப் ஓடுகிறது. ஓடத்தான் செய்யும், எழுத்தாளர் வைத்திருக்கிறார்! உங்கள் உள்ளே யாரும் எதையும் வைக்கவில்லை. ரத்தமும் தசையும்தான் வரும், அப்புறம் தையல், டி.டி. ஊசி. வந்தவன் நிம்மதியடைந்தானா என்றால் அதுவும் இல்லை. "ரத்தம்கூட செயற்கையா இருக்கலாம்ல சார்?" என்று கேட்கிறான். பாருங்கள், எத்தனை ஆதாரம் கொடுத்தாலும் பத்தாது. கண்ணாடி முன்னால் நின்று முகத்தை முறைத்துப் பார்ப்பது, கிள்ளிப் பார்ப்பது, 'நீங்கள் மனிதரா எந்திரமா' என்று நெட்டில் வரும் கேள்வித்தாளை விடிய விடிய நிரப்புவது, எல்லாம் இந்த நோய்க்குப் போடும் தீனி. எவரும் தன் முகத்தையே அரை மணி நேரம் முறைத்தால் அது யாரோ முகமாகத்தான் தெரியும். வேண்டாம், நீங்களும் முயன்று பார்க்காதீர்கள்.

பிளேடு ரன்னருக்கு மூலமான 1968 நாவலில் ஃபில் ரெஷ் என்று ஒரு ஆள் வருவான், படத்தில் அவன் இல்லை. ஆண்ட்ராய்டு வேட்டைக்காரன், ஒரு அணிலை ஆசையாக வளர்ப்பவன். தானே ஆண்ட்ராய்டாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்து, என்னைச் சோதித்துப் பார் என்று நாயகனிடம் கேட்கிறான். சோதித்தால் மனிதன். ரேச்சலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இந்த அப்பாவியை எவனும் நினைப்பதில்லை. என் ஓ.பி.யில் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஃபில் ரெஷ்தான். ரேச்சல் ஒருத்தியும் வரவில்லை.

இனி வேலைக்கு வருவோம். தூங்குங்கள். ராத்திரி காபியையும் எனர்ஜி டிரிங்கையும் நிறுத்துங்கள். கஞ்சாவைத் தொடாதீர்கள், "ஒரே ஒரு தடவைதான் சார்" என்ற வசனத்தை நான் கேட்காத வாரமில்லை. உணர்வு வரும்போது உள்ளே தோண்டாமல் வெளியே பாருங்கள்: குளிர்ந்த தண்ணீரில் கை வையுங்கள், அறையில் இருப்பதைச் சத்தமாகப் பெயர் சொல்லுங்கள், யாரிடமாவது பேசுங்கள், அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுங்கள். இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூட இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. மெதுவாகத்தான் சரியாகும், ஆனால் ஆகும்.

வீட்டில் இருப்பவர்களே, தயவுசெய்து சிரிக்காதீர்கள். மந்திரிக்கவும் கூட்டிப்போக வேண்டாம். அவன் பேச்சில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'எந்திரம் மாதிரி இருக்கு' என்கிறானா, 'நான் எந்திரம்' என்கிறானா? அந்த 'மாதிரி' இருக்கும்வரை நிஜம் எது என்று அவனுக்குத் தெரிகிறது. அது உதிர்ந்துவிட்டால் விஷயம் வேறு, வைத்தியமும் வேறு. 'நீ என் அம்மாவே இல்லை, அம்மா உருவத்தில் வேறு யாரோ' என்று சொன்னாலும் அப்படியே. கையைக் காலைக் கீறிப் பார்த்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, 'மாதிரி' இருக்கிறதா என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையன் வெள்ளிக்கிழமை தையல் பிரிக்க வருகிறான். அப்படியே என் அறைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது வாசலில் நின்று, "அப்ப நான் மனுஷன்தானா சார், கன்ஃபார்மா?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு செக் ஆகிவிடும். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். "பசிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.