நிலைக்குழு: சொல்லும் வேலையும்

நாடாளுமன்றச் செய்திகளில் 'பணியாளர், பொதுமக்கள் குறைதீர்ப்பு, சட்டம் மற்றும் நீதித்துறை நிலைக்குழு' என்று ஒரு நீளமான பெயர் அடிக்கடி வரும். பேச்சில் இன்னும் அது 'ஸ்டாண்டிங் கமிட்டி'தான். நிலைக்குழு என்றே தாராளமாகச் சொல்லலாம், அவ்வளவு பொருத்தமான சொல் அது.

முதலில் கமிட்டி. 'ஒப்படைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் தொடக்கத்தில் இது கூட்டத்தைக் குறிக்கவில்லை, ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்ட தனியாளைத்தான் குறித்தது. பலர் சேர்ந்த அமைப்பு என்ற பொருள் பிறகு வந்தது.

நம் 'குழு' அப்படியில்லை. குழுமு, குழாம் ஆகியவற்றுக்கு உறவான சொல், பிறப்பிலேயே கூட்டம். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பெயரும் இருந்தது. "பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்" இல்லாததே நாடு என்கிறது குறள் (735). அங்கே குழு என்றால் நாட்டைப் பிளக்கும் கோஷ்டி. சிலப்பதிகாரத்தின் 'ஐம்பெருங்குழு'வோ அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் (ஒற்றர்) என அரசனுக்குத் துணை நின்றவர்கள். இன்றைய குழு இந்த இரண்டாம் வழியில் வந்தது.

அப்புறம் 'நிலை'. இங்கே எழுந்து நிற்பது என்ற பொருள் இல்லை. தச்சரிடம் கேட்டால் தெரியும்: கதவு திறக்கும், மூடும், பழுதானால் கழற்றி மாற்றுவார்கள். சுவரோடு பதிந்த நிலை அப்படியே இருக்கும். நிலைவாசல், நிலையாணை எல்லாவற்றிலும் இந்தப் பொருள்தான். ஒரு மசோதாவுக்காக மட்டும் அமைக்கும் கூட்டுக்குழு, அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும். நிலைக்குழுவில் உறுப்பினர்கள் மாறுவார்கள், குழு இருக்கும்.

துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-ல் 17 ஆகத் தொடங்கி, 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. மானியக் கோரிக்கைகளையும் (துறைகள் செலவுக்குக் கேட்கும் தொகைகள்) தங்களிடம் அனுப்பப்படும் மசோதாக்களையும் அலசுவார்கள். அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டார்கள். அவர்கள் சொல்வது பரிந்துரைதான், அரசைக் கட்டுப்படுத்தாது.

கட்டுப்படுத்தாது என்றால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். 2021-ல் வந்த மத்தியஸ்த மசோதாவைப் பாருங்கள். வழக்குப் போடுவதற்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம், 180 நாளில் முடிக்க வேண்டும் என்றிருந்தது. தொடக்கத்தில் சொன்ன அந்த நீளப் பெயர்க் குழு கட்டாயத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது, காலத்தை 90 நாளாகக் குறைக்கச் சொன்னது. 2023-ல் சட்டமானபோது கட்டாயம் போய் விருப்பமானது, காலம் 120 நாளானது. முழுதாகக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டார்கள். நீதிமன்றப் படியேறும் ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

மசோதா என்பதும் அரபியில் 'வரைவு' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் சட்டமுன்வடிவு, இலங்கையில் சட்டமூலம். எழுதும்போது இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். 'நிலைகுழு' என்று சிலர் எழுதுகிறார்கள். க் கட்டாயம் வரும்: நிலைக்குழு.