ஹம்மாம்: புறாவா, வெந்நீரா?

தமிழ்நாட்டில் 'ஹமாம்' என்றால் சோப்பு. உறையில் உள்ளபடியே அந்தப் பெயரை அரபி பேசுபவரிடம் சொன்னால் அவர் புறாவைத் தேடுவார். ஒற்றை மகரம் போட்டால் அரபியில் அது புறா. குளிக்கும் இடம் என்ற பொருள் வர, மகரத்தை அழுத்த வேண்டும்: ஹம்மாம்.

இதன் வேர் ஹ-ம-ம என்ற மூன்று மெய்கள், சூட்டைக் குறிப்பவை. ஹும்மா என்றால் காய்ச்சல். ஹமீம் என்றால் கொதிநீர். உற்ற நண்பனுக்கும் அதே சொல்தான். நம் 'வெ' அடியும் ஏறத்தாழ இதே வழியில் போகிறது. வெந்நீர் அதில் பிறந்தது, வெப்பு என்ற காய்ச்சலும் அதில் பிறந்தது. சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்தது பாண்டியனின் வெப்புநோயைத்தான்.

மொராக்கோவின் பழைய நகரப் பேட்டைகளில் பள்ளிவாசல், ரொட்டி அடுப்பு, நீரூற்று ஆகியவற்றோடு ஹம்மாமும் ஒன்று இருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நேரமோ தனித்தனிக் கட்டடமோ உண்டு. சூடு படிப்படியாக ஏறும்படி உள்ளே மூன்று அறைகள்: பர்ரானி (வெளி), வஸ்தானி (நடு), தாகலி (உள்). அடுப்பு எரிவது சுவருக்கு அப்பால். சூடு தரைக்கடியில் பரவுகிறது. ரோமானியர் கையாண்ட உத்தி இது. மராகேஷில் அந்த அடுப்புச் சாம்பலை வீணாக்குவதில்லை. இறைச்சி நிரப்பிய மண்ஜாடியை அதில் புதைத்துவிட்டால் பல மணி நேரத்தில் 'தஞ்சியா' வெந்திருக்கும்.

உடல் வியர்த்ததும் 'ஸாபூன் பெல்தி' பூசுவார்கள். ஆலிவில் செய்த, களிம்பு போன்ற கருஞ்சவுக்காரம் அது. பெல்தி என்பதற்கு 'நாட்டு' என்பதே சரியான தமிழ். அங்கே நாட்டுக்கோழியும் 'பெல்தி'தான். சவுக்காரம் ஊறியபின் கழுவிவிட்டு, 'கேஸ்ஸா' என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்க்கும்போது அழுக்கும் இறந்த தோலும் திரிதிரியாக உருண்டு வரும். முதன்முறை பார்ப்பவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும். பெண்கள் பக்கம் தேய்த்துவிடுபவர் 'தய்யாபா', ஆண்கள் பக்கம் 'கஸ்ஸால்'. தலைக்கும் உடம்புக்கும் 'கஸ்ஸூல்' என்ற களிமண். கழுவுதலைக் குறிக்கும் அரபி வேரில் பிறந்த பெயர் அது. தமிழ் முஸ்லிம்கள் அறிந்த 'குஸ்ல்' என்ற கடமைக் குளிப்பும் அதே வேர்தான்.

இனி தமிழில் என்ன சொல்வது? 'நீராவிக் குளியல்' என்பது வழக்கில் உள்ளது. ஆனால் அது ஆவியோடு நின்றுவிடுகிறது, தேய்ப்பைத் தொடவில்லை. தவிர, முத்துக்குளித்தலில் பார்க்கிறோமே, குளித்தல் என்பதன் பழம்பொருள் நீரில் மூழ்குவது. மொராக்கோ ஹம்மாமில் யாரும் மூழ்குவதில்லை; வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். 'சானா' என்று எழுதுவது அதைவிடப் பிழை. அது பின்லாந்தின் வழக்கம்.

என் தேர்வு 'வெந்நீராட்டு'. மஞ்சள் நீராட்டைப் போல, ஒருவரை மற்றவர் குளிப்பாட்டும் பொருள் 'ஆட்டு' என்பதில் இருக்கிறது. 'வெ' அடி ஹ-ம-மவுக்கு நிகராக நிற்கிறது. கட்டடத்தைச் சொல்ல 'வெந்நீராட்டகம்'. செய்தியில் எழுதும்போது முதல் முறை மட்டும் ஹம்மாம் என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும். மகரத்தில் மறக்காமல் புள்ளி வையுங்கள்.