தோட்டா: பாய்வது எது, கிடப்பது எது?

"மாமா, தோட்டா தீந்துபோச்சு. ஒரு டப்பா வாங்கித் தாங்க, ஐந்நூறு எண்ணம் இருக்கும்" என்றான் மருமகன். பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் படிக்கிறான். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கை பழக ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது.

"அது தோட்டா இல்லப்பா, குண்டு" என்றேன்.

"பேப்பர்ல எல்லாம் தோட்டான்னுதானே போடுதாங்க?"

அவன் கேட்டதில் தப்பில்லை. 'தோட்டா பாய்ந்து காயம்', 'நெஞ்சில் தோட்டா துளைத்தது' என்று படித்துப் படித்து, பறந்து போவதற்குத்தான் அந்தப் பெயர் என்று எல்லோருக்கும் பதிந்துவிட்டது. அவன் டப்பாவில் இருப்பது 4.5 மில்லிமீட்டர் ஈயத் துண்டு. உடுக்கை போல இடை சிறுத்திருக்கும். அதில் மருந்து இல்லை, கூடு இல்லை, நெருப்பு இல்லை. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, அது போகிறது. அதற்குக் குண்டு என்ற நம் சொல்லே போதும்.

சரி, தோட்டா என்றால் என்ன? குண்டு, அதைத் தள்ளும் மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு என நான்கும் சேர்ந்த முழுச் சரக்குதான் தோட்டா. விசையை அழுத்தினால் குண்டு மட்டும் போகும். மருந்து எரிந்து தீரும். கேப்பு செத்த கேப்பாகிக் கூட்டோடு ஒட்டியிருக்கும். கூடு சுட்டவன் காலடியில் கிடக்கும். ஆகவே, தோட்டா பாயவே பாயாது. பாய்கிற நேரத்தில் அது தோட்டாவாக இல்லை.

சொல் உருதுவிலிருந்து வந்தது. அங்கேயும் தோட்டாதான். தெலுங்கில் தூட்டா, மலையாளத்தில் தோட்ட. பட்டாளம் போன ஊருக்கெல்லாம் அதுவும் கூடவே போயிருக்கிறது. 'தோடு' என்ற நம் சொல்லிலிருந்து வந்ததாகச் சிலர் சொல்வார்கள். ஓலையைச் சுருட்டிக் காதில் செருகியதுதான் ஆதியில் தோடு. மேலுறைக்கும் தோடு என்ற பெயர் உண்டு. பனங்காட்டு ஊரில் பிறந்தவனுக்கு இந்த விளக்கம் இனிக்கத்தான் செய்யும். அதுவும் ஆங்கிலத்தின் கார்ட்ரிட்ஜ், பிரெஞ்சின் கார்த்தூஷ் வழியாக, காகிதத்தைக் குறிக்கும் 'கார்த்தா' என்ற சொல்லிலிருந்து வந்தது, காகிதச் சுருள் என்பதே அதன் முதல் பொருள் என்று தெரியும்போது ஆசை இன்னும் கூடும். ஆனாலும் ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது.

துப்பாக்கியிலும் இதே கதைதான். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று குறளிலேயே வருகிறதே என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். பன்னிரண்டாம் குறளில் வரும் துப்பாக்கி, 'துப்பு ஆக்கி', அதாவது உண்பவர்க்கு உணவை விளைவித்து என்று பொருள்படும். அது மழையைப் பற்றிய குறள். சுடுகிற துப்பாக்கி, துருக்கியின் துஃபெக், பாரசீகத்தின் துஃபங் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வெளியிலிருந்து வந்த பொருள் வெளியிலிருந்தே பெயரையும் கொண்டுவந்ததில் நமக்கு எந்தக் குறைவும் இல்லை.

காகிதச் சுருளாக இருந்த காலத்துத் தோட்டா நம் மண்ணுக்கும் வந்தது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு வந்த கம்பெனிப் படையின் கையில் இருந்த மஸ்கட் துப்பாக்கிகளுக்கு, ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்திருப்பார்கள். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். 1857-இல் சிப்பாய்கள் கொதித்ததும் அப்படிக் கடிக்க வேண்டிய காகிதத்தில் தடவியிருந்த கொழுப்பினால்தான். பித்தளைக் கூடு பிறகு வந்தது.

எங்கள் பக்கத்தில் தோட்டாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பாறையில் கிணறு வெட்டுகிறவர்கள், துளை போட்டு உள்ளே இறக்கும் வெடிக்குச்சியைத்தான் தோட்டா என்பார்கள். "தோட்டா வச்சிருக்கு, தள்ளிப் போங்க" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தாமிரபரணியில் தோட்டா போட்டு மீன் பிடிப்பதைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். ஆக, ஒரு தடவைக்கு வேண்டியதை ஒன்றாய் அடைத்துக் கட்டியது எதுவோ அது தோட்டா என்ற பொருள், துப்பாக்கி பிடிக்காதவர்களின் வாயிலும் சரியாகவே இருக்கிறது. பத்திரிகைத் தமிழ்தான் அதைக் குண்டாக்கிவிட்டது. என் வருத்தம் இதில்தானே தவிர, சொல் உருதுவிலிருந்து வந்ததில் இல்லை.

சொல்லைத் துல்லியமாக வைத்துக்கொள்ள வேண்டிய இடம், குறி பார்த்துச் சுடும் விளையாட்டு. குறிப்பாக, தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்ளும் கலை. வெளிநாடுகளில் நீள்தூரக் குறிச்சூட்டில் இறங்குகிறவர்கள் பலர், கடைத் தோட்டாவை விட்டுவிட்டுச் சொந்தமாக அடைக்கிறார்கள். சுட்ட கூட்டை எடுத்து, செத்த கேப்பைத் தட்டிக் கழற்றி, சுட்டபோது விரிந்த பித்தளையை அச்சில் அழுத்தி மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டிருந்தால் கழுத்தைச் சீவி, புதுக் கேப்பு பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, கடைசியில் குண்டை ஒரே ஆழத்தில் உட்கார வைப்பார்கள். நோக்கம் ஒன்றுதான். முதல் தோட்டா எப்படியோ ஐம்பதாவதும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்த வேலையில் இருக்கிறவனிடம் எல்லாவற்றுக்கும் தோட்டா என்று சொன்னால் பேச்சே நடக்காது. "தோட்டா எடை என்ன?" என்று கேட்டால் குண்டின் எடையா, மருந்தின் எடையா? இரண்டையும் மாற்றிக்கொண்டால் ஆபத்து.

அதனால் நான்குக்கும் நான்கு பெயர் வேண்டும்.

பாய்வது குண்டு. இலங்கைத் தமிழர் சன்னம் என்பார்கள். நாம் அரிசிக் கடையில் சொல்லும் சன்னம்தான், சிறுத்தது, மெல்லியது. கூர்முனையோடு நீண்டிருக்கும் இக்கால ரைஃபிள் குண்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. குண்டு என்றதும் உருண்டைதான் கண்ணில் வரும். ஏர் ரைஃபிளுக்குக் குண்டும் தோட்டாவில் வருவதற்குச் சன்னமும் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம்.

கிடப்பது கூடு. இதற்கும் இலங்கையில் கோது என்ற சொல் உண்டு. அங்கே முட்டைக்கோது என்பது போல, வெற்றுக்கோது. ஆனால் எங்கள் வீட்டில் கோது என்றால் புளியங்கோதுதான். சாறு எடுத்த பிறகு கழித்துப் போடுவது. அடைப்பவனுக்குப் பித்தளை கழிவே இல்லை. நாலு பாகத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுவது அது ஒன்றுதான். தன் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில் ஒருமுறை சுட்ட கூடு, அந்த அறையின் அளவுக்கே விரிந்து படிந்திருக்கும் என்பதால் புதியதைவிட அதையே விரும்புகிறவர்களும் உண்டு. திரும்பி வருவதற்கு ஏற்ற பெயர் கூடுதான். தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் மாகசினை ரவைக்கூடு என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. அதனோடு குழம்பாமல் இருக்க 'பித்தளைக் கூடு' என்றே முழுதாகச் சொல்லிவிடலாம்.

தள்ளுவது மருந்து. வெடிமருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நவீனத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. மிக விரைவாக, அளவாக எரிந்து, எழும் வாயு குண்டைத் தள்ளுகிறது. கிணற்றுப் பாறையில் வைக்கும் தோட்டாதான் வெடிப்பது. அதைத் துப்பாக்கிக்குள் வைத்தால் குழல் சிதறும். எங்கள் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடத்தை உந்தும வளாகம் என்று எழுதுகிறோமே, அந்த 'உந்து' இங்கேயும் சரியாக வரும். உந்துமருந்து.

பற்றவைப்பது கேப்பு. நாட்டுத் துப்பாக்கிக்காரர்களும் தீபாவளிப் பிள்ளைகளும் ஒன்றுபோலச் சொல்லும் சொல். பற்றுவாய் மருந்து என்ற பழைய சொல்லும் இருக்கிறது. அழகான சொல்தான், ஆனால் வாயில் இருப்பதை விரட்டிவிட்டு அதை ஏற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம், அடைத்தல். எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. களக்காட்டு மலையடியில் வாழை. பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்குவார். அதற்குக் கெட்டிப்பது என்று பெயர். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருப்பார். ரைஃபிள் தோட்டாவை உண்டாக்குவதற்கு அந்தக் கெட்டித்தல் என்ற சொல்லைக் கொண்டுவரக் கூடாது. இங்கே இடிப்பதும் இறுக்குவதும் இல்லை. மருந்து தளர்வாகவே இருக்கலாம், அளவுதான் முக்கியம். கையடைப்பு என்று சொன்னால் போதும். கையடைப்புத் தோட்டா.

அந்த அளவைச் சொல்லும் அலகு கிரெய்ன். தானிய மணி என்பதே அதன் பொருள். ஒரு மணியின் எடையிலிருந்து பிறந்தது. இன்றைய கணக்கில் 64.8 மில்லிகிராம். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. இதைப் படித்தபோது எனக்குப் பழைய ஆசாரித் தராசு நினைவுக்கு வந்தது. நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும். அடைப்பவர்கள் மருந்தை 0.1 கிரெய்ன் வரை பார்த்து நிறுக்கிறார்கள். ஒரு நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அது. நெல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு கிரெய்ன் அந்நிய அலகாகத் தோன்றவில்லை. 'மணியெடை' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் இதை வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும் கூட அந்தச் சட்டத்தின் கணக்கில் தோட்டாதான். சுடும் லைசென்ஸ் வேறு, தயாரிக்கும் லைசென்ஸ் வேறு. 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடும் 5.6 மில்லிமீட்டர் தோட்டாவுக்குக் கையடைப்பு ஒத்தும் வராது. பற்றவைக்கும் கலவை அதன் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை ஊசி பட்டு நசுங்கினால் முடிந்தது. அதனால் அந்தப் போட்டியாளர்கள் வேறு வழியில் போகிறார்கள். ஒரே கம்பெனித் தோட்டாவில் பல தொகுதிகளை வாங்கி, தன் துப்பாக்கிக்கு எந்தத் தொகுதி நெருக்கமாக விழுகிறது என்று சுட்டுப் பார்த்து, அதையே மொத்தமாக எடுத்து வைக்கிறார்கள்.

நெருக்கமாக விழுவதற்கு மருமகன் குரூப் என்கிறான். கொத்து என்று சொல்லச் சொன்னேன். காய் ஒரே காம்பில் கொத்தாகக் காய்க்கிற மாதிரி, ஐந்து ஓட்டை ஒன்றோடொன்று ஒட்டி விழுவது. தொடக்கக்காரன் முதலில் தேட வேண்டியது கொத்தைத்தான், நடுப்புள்ளியை அல்ல. கொத்து ஓரத்தில் விழுந்தாலும் பரவாயில்லை. பார்வைக்கருவியின் திருகை நாலு கிளிக் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். நடுவைச் சுற்றிச் சிதறினால் எந்தத் திருகும் உதவாது. நிற்பதும், கன்னம் கட்டையில் படுவதும், மூச்சை விட்டு நிறுத்துவதும், விசையை இழுப்பதும் இன்னும் ஒன்றுபோல வரவில்லை என்று அர்த்தம்.

கொத்தின் அகலத்தை நீள்தூரக்காரர்கள் கோணத்தில் அளக்கிறார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. அதற்கு நம் பஞ்சாங்கத்தில் எப்போதோ பெயர் இருக்கிறது: கலை. பாகை, கலை, விகலை என்று கிரகத்தின் இடத்தைக் கணித்து எழுதுவார்களே, அதே கலைதான். 100 மீட்டரில் ஒரு கலை என்பது சுமார் 2.9 சென்டிமீட்டர். "அரைக் கலைக் கொத்து" என்று ஒருவர் தமிழில் சொல்லி ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தொடங்க விரும்புகிறவர்கள் ஏர் ரைஃபிளில் தொடங்கினால் போதும். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத, 4.5 மில்லிமீட்டர் குழல் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் அரை மில்லிமீட்டர்தான். பேனாவால் வைத்த புள்ளி போல இருக்கும். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இந்த 10 மீட்டர் போட்டியில்தான்.

டப்பா வாங்கிக் கொடுத்த அன்று மருமகன் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தேதி, குண்டு, எத்தனை, கொத்து என்று நாலு தலைப்பு. முதலில் தோட்டா என்று எழுதி அடித்திருந்தது.


"அத எதுக்கு அடிச்ச?"

"அதான் நம்மகிட்ட இல்லியே மாமா" என்றான்.