மலையேறும் காருக்கு எத்தனை யூனிட்?

சிறிய மின்சாரக் கார் வாங்க நினைக்கும் நீலகிரிக்காரர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி வருமா?" என்பதுதான். பதிலாக 250 கிலோமீட்டர், 315 கிலோமீட்டர் என்று ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புகிறார்கள். அது ஆய்வகத்தில் உருளைகளின் மேல் காரை ஓடவிட்டு அளந்த எண். உருளைக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மலையில் இருப்பவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு, மின்கட்டணத்தில் நாம் பார்த்துப் பழகிய யூனிட்டில் கணக்குப் போடலாம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. பேட்டரியின் கொள்ளளவையும் அதே அளவில்தான் சொல்கிறார்கள். 2022இல் அறிமுகமான டாடா டியாகோ மின்சாரக் காரில் 19.2 அல்லது 24 யூனிட் பேட்டரி. 2023இல் வந்த எம்ஜி காமெட்டில் 17.3 யூனிட்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலையில் 1,900 மீட்டர் மேலே போகிறோம். இரண்டு பேர் உட்கார்ந்த சிறிய காரின் எடையை 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 2.4 கோடி ஜூல் வருகிறது. யூனிட்டில் சொன்னால் 6.7. எவ்வளவு பதமாக ஓட்டினாலும் இதில் ஒரு துளி குறையாது; உயரத்துக்கான விலை அது. டயர் உருளவும் காற்றைத் தள்ளவும் இன்னொரு 2.6 யூனிட். மோட்டாரிலும் பேட்டரியிலும் வெப்பமாக வீணாவது, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் சேர்த்தால், ஊட்டியின் சேரிங்கிராஸ் வந்து சேரும்போது ஏறக்குறைய 11 யூனிட் கரைந்திருக்கும். இதே தூரத்தைச் சமவெளியில் இதே நிதானத்தில் ஓட்டினால் மூன்றரை யூனிட்டில் முடிந்துவிடும். பின்இருக்கையில் இன்னும் இரண்டு பேர், மூட்டை முடிச்சு என்றால் மேலும் ஒன்றரை யூனிட்.

சின்ன மோட்டார் திணறாதா என்ற சந்தேகத்தை விரைவாகவே தீர்த்துவிடலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற 12க்கு 1 (12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு) என்ற சரிவையே எடுத்துக்கொண்டாலும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற நம் காருக்கு 10 கிலோவாட் போதும். காமெட்டின் மோட்டார் சுமார் 31 கிலோவாட். தவிர, ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். மின்மோட்டாருக்கு மூச்சுவிடும் வேலையே இல்லை. சீசன் நெரிசலில் கமர்சியல் சாலையில் அடி அடியாக நகரும்போது கிளட்சு கருகும் கவலையும் இல்லை. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது.

இறங்குவதுதான் உண்மையில் சுவையான விஷயம். ஊட்டியில் நிற்கும் காரிடம் அந்த 6.7 யூனிட்டும் உயரமாகச் சேமிப்பில் இருக்கிறது. இறங்கும் வழியில் டயரும் காற்றும் 2.6 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் நான்கு யூனிட்டை எங்காவது தொலைத்தாக வேண்டும், இல்லையென்றால் கார் வேகமெடுத்துக்கொண்டே போகும். பெட்ரோல் காரில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். மீதி, பிரேக்கில் வெப்பமாகிறது. நான்கு யூனிட் என்பது 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். மொத்தத்தையும் பிரேக் தலையில் கட்டினால், பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிவிட்டு, மிதி தரைவரை அமுங்கும். பர்லியாறு அருகே ஓரங்கட்டி நிற்கும் வெளியூர் வண்டிகளிடமிருந்து வரும் கருகல் நாற்றம் அதன் முன்னறிவிப்பு.

மின்சாரக் காரில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரின் சுழலியைச் சுற்றுகிறது. சுழலியில் உள்ள காந்தங்கள் கம்பிச்சுருள்களைக் கடக்கும்போது அவற்றில் மின்னழுத்தம் உண்டாகிறது. 1932இல் தொடங்கிய பைக்காரா மின்திட்டத்தில் மலையிலிருந்து விழும் தண்ணீர் செய்யும் வேலையை இங்கே இறங்கும் காரின் எடை செய்கிறது. ஆனால் ஒரு சிக்கல். மெதுவாக இறங்கும்போது சுருளில் பிறக்கும் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்தைவிடக் குறைவு. மின்சாரம் தானாகப் பேட்டரிக்குள் ஏறாது. இங்கேதான் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் இன்வெர்ட்டர் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதிலுள்ள மின்னணு சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுருளின் முனைகளை ஒரு கணம் இணைத்து, உடனே பிரிக்கின்றன. இணைந்த கணத்தில் சுருளில் மின்னோட்டம் பெருகுகிறது. பிரித்தவுடன், ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுத்து மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு பேட்டரிக்குள் பாய்கிறது. அந்த மின்னோட்டமே உண்டாக்கும் காந்தப்புலம் சுழலியின் சுழற்சியை எதிர்க்கிறது. காரை யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பதுபோல் நாம் உணர்வது அந்த எதிர்ப்பைத்தான். ஓட்டுநர்கள் இதைச் சுருக்கமாக ரீஜென் என்கிறார்கள்.

நான்கு யூனிட்டில் சுமார் மூன்று இப்படிப் பேட்டரிக்குத் திரும்பும். ஏறுவதற்கு 11 கொடுத்து இறங்கும்போது 3 வாங்கினால், போக வர நிகரச் செலவு எட்டு யூனிட் சொச்சம். சமவெளியில் அதே தூரத்துக்கு ஏழு. மலைக்கென்று நாம் கூடுதலாகக் கட்டுவது அவ்வளவுதான்.

ஆனால் வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் வேண்டும். மேட்டுப்பாளையத்துக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. ஏறி வந்தபின் அவர் பேட்டரியில் இடம் தாராளமாக இருக்கும். ஊட்டிக்காரர் நிலைமை நேர்மாறு. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்குகிறவரின் பேட்டரி, முதல் வளைவிலேயே "இடமில்லை" என்று சொல்லிவிடும். ரீஜென் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். இரண்டாவது கியர் என்று ஒன்று இந்தக் கார்களில் இல்லாததால், பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின்மேல் விழும்.

காமெட்டை வைத்தே பார்ப்போம். 80 சதவீதத்தோடு, அதாவது 13.8 யூனிட்டோடு ஊட்டியிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் 16.5 இருக்கும், திரும்பி ஏறியபின் 5.5 மிஞ்சும். 100 சதவீதத்தோடு இறங்கினால் அடிவாரத்திலும் அதே 17.3தான், ஏறியபின் 6.3 மிஞ்சும். இரவில் மூன்றரை யூனிட் கூடுதலாக ஏற்றியதற்குக் கிடைத்த பலன் முக்கால் யூனிட், அதுவும் பிரேக் கட்டைகளைத் தேய்த்து. மலை உச்சியில் வசிப்பவருக்குப் பேட்டரியில் காலியாக இருக்கும் கடைசி ஐந்தில் ஒரு பங்கும் ஒரு சொத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

குளிரும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலை நேரத்தில், வெளியே நின்ற காரின் பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள், சார்ஜ் ஏறும்போது அவை போய்த் தங்கும் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய நேரமெடுக்கும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். அதனால் பேட்டரியைக் காக்கும் மின்னணு அமைப்பு, இடம் இருந்தாலும் ரீஜெனை அடக்கிவைக்கும். உறைபனிக் காலை, நிறைந்த பேட்டரி, நேரே இறக்கம் மூன்றும் சேரும் நாளில் முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

டியாகோவில் இருப்பதுபோன்ற இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் அவற்றின் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் மெல்லத் தடம் மாறும். அதைச் சரிசெய்ய அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றத்தான் வேண்டும். மறுநாள் ஊருக்குள்ளேயே சுற்றப்போகும் இரவாகப் பார்த்து அதைச் செய்துகொள்ளலாம்.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் தினமும் போய்வருபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னும் இலகு. உயர வித்தியாசம் 400 மீட்டருக்கும் குறைவு; உயரத்துக்கான செலவு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. மிகச் சிறிய பேட்டரியே தாராளம். அவர்களைத் தடுப்பது மலையின் உயரமல்ல, வீட்டின் இருப்பிடம். 15 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் சார்ஜரை மாட்டினால் 11 யூனிட் ஏற நான்கு மணி நேரம் வரை ஆகும். ஓர் இரவு ஏராளம். ஆனால் குன்னூரிலும் ஊட்டியிலும் எத்தனையோ வீடுகளுக்குச் சாலையிலிருந்து படிக்கட்டில் இறங்கித்தான் போகவேண்டும். கார் மேலே சாலையோரத்தில் நிற்கும். அங்கே பிளக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவருக்கு, பக்கத்தில் நம்பகமான பொதுச் சார்ஜிங் நிலையம் வரும்வரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் காரை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.