வெக்டர், ராஸ்டர்: சொல்லும் பொருளும்

ஆத்தங்குடித் தரைக்கல்லில் (டைல்ஸில்) உள்ள பூவைக் கைபேசியில் படம்பிடித்து வந்து, "இதை வெக்டராக்கித் தாருங்கள்" என்று காரைக்குடி டிசைன் கடைகளில் கேட்பவர்கள் உண்டு. அந்த ஜேபெக் படத்தைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்து அதன் சிடிஆர் கோப்பாகச் சேமித்தால் மட்டும் அது வெக்டர், அதாவது கோடுகளால் ஆன படம், ஆகிவிடாது. உறைதான் மாறுகிறது, உள்ளே இருப்பது ராஸ்டரேதான், அதாவது புள்ளிகளால் ஆன படமேதான்.

ராஸ்ட்ரம் என்பது இலத்தீனில் மண் வாரும் பல்வைத்த கருவி. அச்சொல்லிலிருந்து பிறந்த ராஸ்டர், ஜெர்மன் மொழியில் அச்சகத்தார் படத்தைப் புள்ளிகளாக்கும் திரைக்குப் பெயராயிற்று. கணினியில் அது கட்டம் கட்டமாக அடுக்கிய படப்புள்ளிகளைக் குறிக்கும். 'புள்ளிப்படம்' என்றாலே தமிழில் பொருள் விளங்கிவிடும்.

வெக்டர் என்பதற்கு இலத்தீனில் 'சுமப்பது' என்று பொருள். இலங்கைப் பாடநூல்களின் 'காவி' இதற்கு நேர்ச்சொல்; காவுதல் என்றால் சுமத்தல். தமிழ்நாட்டில் 'திசையன்' பரவலாக உண்டு. கணிதத்துக்கு அது பொருந்தும். வரைகலையில் 'கோட்டுப்படம்' என்பதே தெளிவு என்பது எங்கள் கருத்து. நிறம் நிரப்பிய வடிவமும் அதில் அடக்கம். முனைகளின் இடமும் அவற்றை இணைக்கும் வளைகோட்டின் கணக்குமே கோப்பில் இருக்கும். அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது.

புள்ளிப்படத்துக்கு அந்த வசதி இல்லை. 8 அங்குலக் கல்லை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் அகலம் 2400 புள்ளி. அதையே 10 அடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 20 புள்ளிதான் மிஞ்சும். பூவிதழ் படிக்கட்டாகத் தெரியும்.

லேசரில் வெட்டத் தருவதானால் கோட்டுப்படம் கட்டாயம். இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில், புள்ளிப்படத்தைத் தானே கோட்டுப்படமாக்கும் 'டிரேஸ் பிட்மேப்' கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கல்லின் கறை, கீறல், நிழல் எல்லாவற்றையும் மென்பொருள் வடிவமாக எடுத்துக்கொள்ளும். நாலைந்து முனையில் அடங்க வேண்டிய இதழில் ஏகப்பட்ட முனைகள் விழும். வெட்டிய விளிம்பு பிசிறடிக்கும். கல்லுக்கு நேர் மேலிருந்து படமெடுத்து, அதை அடிப்படலமாகப் பூட்டி வைத்து, வளைகோடு போடும் பெசியர் கருவியால் கையால் வரைவதே நல்லது. நான்கு பக்கமும் ஒத்த பூவானால் கால் பங்கு வரைந்தால் போதும். மீதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டலாம். ஒட்டிய இடத்தில் முனைகளை இணைக்க மறந்தால் கோடு திறந்தே இருக்கும். அந்த வடிவத்தில் நிறமும் ஒழுங்காக நிரம்பாது.

கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு சிக்கல். கோட்டுப்படக் கோப்பிலும் எழுத்து, எழுத்துருவை நம்பியே நிற்கும். அச்சகக் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும் இடம் மாறும், சில சமயம் வெறும் கட்டங்களாகவே வரும். மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, அனுப்பும் பிரதியில் எழுத்தைத் தேர்ந்து, கோரல்டிராவானால் கன்ட்ரோல்+கியூ அழுத்தி வளைகோடாக்கிவிடுங்கள். அதன்பின் பிழை திருத்த முடியாது என்பதால் பெயர்களை முன்னதாகவே சரிபார்க்க வேண்டும்.

மணமக்கள் புகைப்படம் மட்டும் புள்ளிப்படமாகவே இருக்கட்டும். தோலின் நிறச்சாயலைக் கோடுகளாக்கினால் முகம் திட்டுத்திட்டாகிவிடும். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் புள்ளிகள் குறையாமல் வரும்.